ஊதா மருந்தும் உள்ளிருக்கும் புண்ணும்



"என் பேரனின் காலில் சிரங்கு கண்டிருக்கிறது. நாங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் செய்தது போலவே ஊதா மருந்து வாங்கித் தடவினேன். மருமகளோ, அது புற்றுநோயைத் தரும் மருந்தாம், இனித் தடவவேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி?" என்று வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மாமியார் சொல்வதிலும் உண்மை உண்டு. மருமகள் சொல்வதிலும் உண்மை உண்டு. இருவரும் சொல்லாத மூன்றாவது உண்மை ஒன்றும் உண்டு. இம்மூன்றையும் நிதானமாக எடுத்துரைப்பதே இத்திங்கள் எழுதப்படும் இம்மடலின் நோக்கம்.

ஒரு தலைமுறைக்கு முன்பு, பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியைத் திறந்தாலும், கன்னியர் நடத்திய சிறு மருந்தகத்தின் அலமாரியை நோக்கினாலும், வண்ண வண்ணமான சீசாக்கள் கண்ணில் படும். வெட்டுக்காயத்துக்குச் சிவப்பு மருந்து; தீப்புண்ணுக்கு மஞ்சள் மருந்து; சிரங்குக்கும் வாய்ப்புண்ணுக்கும் ஊதா மருந்து. எந்த மருந்துக்கு என்ன பெயர் என்பதை அறியாத தாயும், நிறத்தைச் சொல்லி மருந்தைக் கேட்டு வாங்கினாள். இந்நிறங்கள் மருந்தை அடையாளங்காணப் பிற்பாடு கலக்கப்பட்டவை என்று பலரும் எண்ணியிருந்தனர். உண்மை அதுவன்று. அந்தச் சாயமே மருந்து. துணிக்கு நிறமூட்டப் பிறந்த பொருள்கள் மனிதரின் தோலுக்கு மருந்தாக வந்து சேர்ந்த வரலாறு, நம் குடும்பங்கள் அறிந்திருக்கத்தக்க வரலாறு.

அவ்வரலாறு ஒரு காய்ச்சல் மருந்தைத் தேடிய முயற்சியிலிருந்து தொடங்குகிறது. மலேரியாக் காய்ச்சலுக்கு அந்நாளில் இருந்த ஒரே நல்ல மருந்து, தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட கொய்னா. பதினேழாம் நூற்றாண்டில் இப்பட்டையைப் பெரு நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து பரப்பியதில் இயேசு சபைக் குருக்களுக்குப் பெரும் பங்கு இருந்தமையால், இயேசு சபையாரின் பட்டை என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. மரப்பட்டையை நம்பியிராமல் கொய்னாவை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட முடியுமா என்று, 1856-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருள்களைக் கொண்டு, ஈஸ்டர் விடுமுறையில், தம் வீட்டு ஆய்வறையில் அவர் செய்த சோதனையில் கொய்னா கிடைக்கவில்லை. கருநிறக் கசடு ஒன்றே எஞ்சிற்று. அதனைச் சாராயத்தில் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் விரிந்தது. பட்டுத் துணியில் ஏற்றினார், நிறம் பற்றிக்கொண்டது. செடியிலிருந்தோ சிப்பியிலிருந்தோ எடுக்கப்படாத செயற்கைச் சாயங்களின் தொழில் அன்று பிறந்தது.

பெர்க்கினைத் தொடர்ந்து பிறரும் தாரிலிருந்து சாயம் சாயமாக வடித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்று 1861-இல் பிரான்சு நாட்டில் தோன்றிய மெத்தில் வயலட். இதன் வகைகளுள் ஒன்றே பின்னர் ஜென்ஷன் வயலட் என்று பெயர் பெற்றது. ஐரோப்பிய மலைகளில் பூக்கும் ஜென்ஷன் என்னும் பூவின் நிறத்தை ஒத்திருந்ததால் அப்பெயர் வந்ததேயன்றி, அப்பூவுக்கும் இம்மருந்துக்கும் வேறு உறவு கிடையாது. மூலிகைப் பெயர் தாங்கி நிற்பதால் இதனை மூலிகை மருந்தென்று எவரேனும் விற்க முற்பட்டால், ஏமாறாதிருங்கள்.

சாயம் மருந்தாக மாறியது எங்ஙனம்? நுண்கிருமிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. உருப்பெருக்கியின் கீழும் அவை நிறமற்றுத் தெளிவின்றித் தோன்றுபவை. அவற்றைத் தெளிவாகக் காணவேண்டி, 1870-களில் ஜெர்மானிய மருத்துவர்கள் சாயங்களைத் தடவிப் பார்த்தனர். துணியைப் பற்றிய சாயம் கிருமியையும் பற்றிற்று. 1884-இல் பெர்லின் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டேனிய மருத்துவர், நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரல் திசுக்களில் இந்த ஊதாச் சாயத்தைத் தடவி, அயோடின் சேர்த்து, பின்பு சாராயத்தால் கழுவினார். சில கிருமிகள் ஊதா நிறத்தை விடாது பற்றிக்கொண்டன. வேறு சில நிறத்தை இழந்து வெளுத்தன. கிருமி உலகை இரு பெரும் பிரிவாகப் பகுக்கும் அச்சோதனை, கிராமின் பெயராலேயே இன்றளவும் உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் செய்யப்படுகிறது.

கிருமியைப் பற்றிக்கொள்ளும் சாயம் அதனைக் கொல்லவும் கூடுமன்றோ? இக்கேள்விக்கு 1890-இல் விடை தந்தவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் கண் மருத்துவர் யாக்கோப் ஸ்டில்லிங். ஊதாச் சாயம் சீழை உண்டாக்கும் கிருமிகளை ஒடுக்குகிறது என்று அவர் கண்டார். சீழைக் கொல்வது எனப் பொருள்படும் பையோக்டானின் என்ற பெயரால் அது மருந்தாக விற்பனைக்கும் வந்தது. 1912-இல் ஜான் சர்ச்மன் என்ற அமெரிக்க மருத்துவர் மற்றோர் உண்மையை வெளியிட்டார். கிராமின் சோதனையில் ஊதா நிறத்தைப் பற்றிக்கொள்ளும் கிருமிகளையே இச்சாயம் பெரும்பாலும் கொல்கிறது. நிறத்தை இழந்து வெளுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை இதற்கு அஞ்சுவதில்லை. நம் வாசகியின் கேள்விக்கு உரிய விடையின் பாதி இக்கண்டுபிடிப்பிலேயே அடங்கியுள்ளது. எல்லாப் புண்ணுக்கும் ஏற்ற மருந்தல்ல ஊதா மருந்து. அது ஆளறிந்து அடிக்கும் மருந்து.

இதன் காரணத்தையும் எளிதாக விளக்கலாம். ஊதாச் சாயம் நீரில் கரையும்போது அதன் துகள்கள் நேர் மின்னேற்றம் உடையவையாகின்றன. கிருமியின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் உடையது. ஆகவே சாயம் கிருமியை நாடிச்சென்று ஒட்டிக்கொள்கிறது. அதன் உறையைக் கடந்து உட்புகுந்து, அது பெருகுவதற்கு வேண்டிய உட்பொருளோடு பிணைந்து, பெருக்கத்தைத் தடுக்கிறது. கிராமின் சோதனையில் வெளுத்துப்போகும் கிருமிகளுக்கோ வெளிப்புறத்தில் இன்னுமோர் உறை உண்டு. அந்த உறை சாயத்தை உள்ளே விடுவதில்லை. நம் குழந்தைகளின் தோலில் சீழ்க்கொப்புளத்தை உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகிய இரண்டும் நிறத்தைப் பற்றிக்கொள்ளும் இனத்தவை. குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் படிந்தாற்போல் வெண்படலத்தை உண்டாக்கும் காண்டிடா என்னும் காளானும் இச்சாயத்துக்கு அடங்கும். ஆகவேதான் ஊதா மருந்து சிரங்குக்கும் வாய்ப்புண்ணுக்கும் பேர்பெற்றது. நம் பாட்டிமார் கண்டறிந்த பலன் கற்பனையன்று.

ஊதாச் சாயத்துக்கு உடன்பிறப்புகளும் உண்டு. ரஷ்ய நாட்டில் பச்சைச் சாயமொன்றைச் சாராயத்தில் கரைத்துப் புண்ணுக்குத் தடவும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அம்மை கண்ட குழந்தையின் ஒவ்வொரு கொப்புளத்திலும் தாய்மார் பச்சைப் பொட்டு வைப்பர். மறுநாள் பச்சையில்லாத கொப்புளம் தென்பட்டால் அது புதிதாக எழும்பியது என்று அறிந்துகொள்வர். செம்மையான ஃபுக்சின் சாயத்தைப் பிற மருந்துகளுடன் கூட்டிப் படர்தாமரைக்கும் விரலிடுக்குப் புண்ணுக்கும் பூச்சு மருந்து செய்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி. இந்த இத்தாலிய மருத்துவர் 1903 முதல் 1915 வரை இலங்கையின் கொழும்பு நகரில் நுண்கிருமி ஆய்வாளராகப் பணியாற்றி, வெப்பநாட்டுத் தோல் நோய்களைக் கண்ணால் கண்டு கற்றவர். மழைக்காலத்தில் வயலில் நின்று வேலை செய்வோரின் கால்விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் போன்றவற்றுக்கு அவர் பெயரால் வழங்கும் பூச்சு உலகெங்கும் நெடுங்காலம் பயன்பட்டது.

இவ்வரிசையில் ஒன்றை மட்டும் தனியே பிரித்துச் சொல்லவேண்டும். வெட்டுக்காயத்துக்கு நாம் தடவிவந்த சிவப்பு மருந்தாகிய மெர்க்குரோகுரோம், 1919-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து மருத்துவ உலகுக்கு அறிமுகமாயிற்று. சாயத்தோடு பாதரசத்தைப் பிணைத்துச் செய்யப்பட்டது அது. எரிச்சல் தராததால் குழந்தைகள் அதனை விரும்பினர். ஆனால் பாதரசம் உடலுக்குத் தீங்கானது. அம்மருந்தின் கிருமிக்கொல்லும் ஆற்றலும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. 1998-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம், பாதுகாப்பும் பயனும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட மருந்துகளின் வரிசையிலிருந்து அதனை விலக்கிற்று. பாதரசத்தின் தீமையைக் குறைக்க 2013-இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் கலந்த புண்மருந்துகளின் உற்பத்தியை 2020-க்குள் நிறுத்தவேண்டுமென்று விதித்தது. எனவே, வீட்டுப் பரணிலோ பள்ளிப் பெட்டியிலோ பழைய சிவப்பு மருந்துச் சீசா கிடந்தால், அதனை எடுத்துத் தடவவேண்டாம். சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். மூடி இறுக்கி, மருத்துவமனையில் கேட்டு ஒப்படையுங்கள்.

இனி மருமகளின் அச்சத்தைப் பார்ப்போம். ஊதா மருந்தைத் தீவனத்தில் கலந்து நெடுநாள் உண்ட சுண்டெலிகளுக்குப் புற்றுக்கட்டிகள் தோன்றின என்று 1985-இல் அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது உண்மையே. 2019-இல் கனடா நாட்டு நலவாழ்வுத் துறை, இம்மருந்தைப் பயன்படுத்த வேண்டாமெனத் தன் மக்களுக்கு அறிவித்ததும் உண்மையே. ஆனால் ஆயுள் முழுதும் உண்பதும், ஐந்து நாள் தோலின்மேல் தடவுவதும் ஒன்றல்ல. சிறிது காலம் தோலில் தடவியதால் மனிதருக்குப் புற்றுநோய் வந்ததென்று நிலைநாட்டப்படவில்லை. எனினும் எலிகளிடம் கண்ட எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும் அறிவுடைமையன்று. மாதக்கணக்கில் தடவுதல், ஆழமான திறந்த புண்ணில் ஊற்றுதல், பாலூட்டும் தாய் மார்க்காம்பில் ஓயாது பூசுதல் ஆகியவை கூடா. இதனினும் நல்ல மருந்து எளிதில் கிடைக்குமிடத்தில் அதனையே நாடுவது முறை. மருமகள் அஞ்சியதில் தவறில்லை. அவ்வச்சத்தால், தடவிய மருந்தை எண்ணி மாமியார் துயில் இழக்கவும் வேண்டியதில்லை.

சில பங்குகளில் நல்ல மருந்து எளிதில் கிடைப்பதில்லை என்பதை நான் அறிவேன். மலைக்கிராமத்தில் மருந்துக்கடைக்கே பேருந்து ஏறிச் செல்லவேண்டிய குடும்பங்கள் உண்டு. ஊதா மருந்தின் பெருமை அங்கேதான். விலை மலிவு, குளிர்சாதனப் பெட்டி வேண்டியதில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் தடவலாம். சயர் என்று அந்நாளில் வழங்கிய காங்கோ நாட்டில், எய்ட்ஸ் நோயாளிகளின் வாய்க்காளானுக்கு இதனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1992-இல் வெளிவந்தது. விலையுயர்ந்த கீட்டோகோனசோல் மாத்திரைக்கு இது ஏறத்தாழச் சமமாகப் பயன் தந்ததையும், நிஸ்டாட்டினைவிட மிகுதியாகப் பயன் தந்ததையும் அது காட்டிற்று. ஏழைக்கு எட்டும் மருந்தை இழிவாக எண்ணவேண்டாம். அதே வேளையில், எட்டுவது இதுவொன்றே என்பதால் எதற்கும் இதனையே தடவவும் வேண்டாம்.

தடவவேண்டிய முறையையும் சொல்லிவிடுகிறேன். உலக நலவாழ்வு நிறுவனத்தின் குழந்தை மருத்துவக் கையேடுகள் வகுத்துள்ள முறை இது. தோலில் சிறு சீழ்க்கொப்புளங்கள் இருந்தால், முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்க. பின்பு சோப்பும் நீரும் கொண்டு சீழையும் பொருக்கையும் மெல்ல ஊறவைத்து நீக்கித் துடைக்கவேண்டும். ஈரம் உலர்ந்தபின் 0.5 விழுக்காடு கரைசலைப் பஞ்சால் தடவவேண்டும். நாளுக்கு இருமுறை, ஐந்து நாள். முடிவில் மீண்டும் கையைக் கழுவுதல் வேண்டும். வாய்க்குள் தடவுவதற்கு அதிற்பாதி ஆற்றலுடைய 0.25 விழுக்காடு கரைசலே ஏற்றது. சற்றே உப்பிட்ட நீரில் நனைத்த மெல்லிய துணியை விரலில் சுற்றி வாயைத் துடைத்தபின் தடவவேண்டும். கடையில் கிடைக்கும் கரைசல் இதனினும் காரமானதாக இருக்கலாம். ஆதலால் சீசாவின்மேல் எழுதியுள்ள அளவைப் பார்க்காமல் குழந்தையின் வாயில் வைக்கவே கூடாது. காரமான கரைசல் வாயின் மென்தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். ஆழமான புண்ணில் படிந்தால் பச்சை குத்தியது போல் அழியாக் கறையாக நின்றுவிடும். பொடி வாங்கி வீட்டில் கண்ணளவாகக் கரைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

இரண்டு நாள் கழித்தும் புண் ஆறத் தொடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டவேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத பச்சிளங்குழந்தையின் உடலில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கொப்புளங்களோ, ஒரு பெரிய கட்டியோ கண்டால், அல்லது குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் கொதித்தாலோ குளிர்ந்தாலோ, ஒரு வேளையும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்நிலையில் பஞ்சையும் சீசாவையும் தேடிக்கொண்டிருக்கும் நேரம் குழந்தையின் உயிருக்கு எமனாகக் கூடும்.

இப்போது, இருவரும் சொல்லாத அந்த மூன்றாவது உண்மைக்கு வருகிறேன். சாயத்தின் வரலாற்றிலேயே அதற்கொரு நல்ல சான்று இருக்கிறது. 1935-இல் ஜெர்மனியில் பிராண்டோசில் என்னும் செந்நிறச் சாயம் மருந்தாக வெளிவந்து, இரத்தத்தில் பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயிலிருந்து பல உயிர்களை மீட்டது. அதனைக் கண்டறிந்த கெர்ஹார்ட் டோமாக்குக்கு 1939-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே 1935-இல் பாரீசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தார் ஒன்றைக் கண்டனர். அச்சாயம் உடலுக்குள் சென்று இரண்டாகப் பிரிகிறது. நோயைத் தீர்ப்பது அதிலிருந்து பிரியும் நிறமற்ற பகுதியே. சிவப்புக்கும் குணத்துக்கும் தொடர்பேயில்லை. சல்ஃபா மருந்துகள் அங்ஙனம் நிறம் நீங்கிப் பிறந்தன. ஊதா மருந்தில் நிறமும் மருந்தும் ஒன்றேயெனினும், நாம் கற்கவேண்டிய பாடம் மாறவில்லை. நிறத்தைக் கண்டு நிம்மதி அடைவது வேறு. நோய் தீர்வது வேறு.

வீடு சந்திக்கச் செல்லும்போது ஒரு குடும்பத்தில் கண்டதைச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளின் கைகளிலும் இடுப்பிலும் ஊதா நிறத் திட்டுகள். "இரண்டு மாதமாய்த் தடவுகிறோம் சாமி, ஒரு பக்கம் ஆறுகிறது, மறுபக்கம் கிளம்புகிறது" என்றார் தாய். சொல்லிக்கொண்டே தம் விரலிடுக்கைச் சொறிந்தார். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியும் சொறிந்துகொண்டிருந்தார். நோயின் பெயர் அப்போதே விளங்கிற்று. அது சொறி. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு உண்ணியால் வருவது. சொறிந்த இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைக்கிறது. ஊதா மருந்து மேலே வந்த அந்தச் சீழை ஆற்றுகிறது. உள்ளேயிருக்கும் உண்ணியை ஒன்றும் செய்வதில்லை. புரையோடிய புண்ணுக்குப் புனுகு தடவுவது என்பார்களே, ஏறத்தாழ அவ்வாறே அவ்வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

சொறிக்கு மருந்து வேறு. 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகக்கணுவும் விடாமல், இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் மருத்துவரைக் கேட்டே பூசவேண்டும். இதில் மிக முக்கியமானது, வீட்டிலுள்ள அனைவரும், அரிப்பு இருப்பவரும் இல்லாதவரும், ஒரே நாளில் பூசிக்கொள்வது. ஏனெனில் உண்ணி முதன்முறை தொற்றியபின் அரிப்புத் தோன்ற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் அது அடுத்தவருக்குச் சென்றுவிடும். ஒருவர் விடுபட்டால் அவரிடமிருந்தே நோய் எல்லாரிடமும் திரும்பி வரும். துணிமணி, பாய், போர்வை ஆகியவற்றை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தவேண்டும். அக்குடும்பத்தார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து பெற்று, பாட்டி உட்பட அறுவரும் ஒரே இரவில் பூசிக்கொண்டனர். அரிப்பு அடங்கச் சில வாரங்கள் ஆயின. அப்பால் அவ்வீட்டுக்கு ஊதா மருந்து தேவைப்படவில்லை.

தோலில் வந்த புண்தானே என்று எண்ணவேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தோலில் புகுந்தபின், மூன்று முதல் ஆறு வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்கும் நோய் சில குழந்தைகளுக்கு வருவதுண்டு. காலையில் முகம் வீங்கியிருக்கும். சிறுநீர் குறைந்து, காப்பிக் கஷாயம் போலக் கருத்து இறங்கும். 1970-களின் தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில் சொறி பரவியபோது, அதனைத் தொடர்ந்து இச்சிறுநீரக நோயும் கொள்ளையாய்ப் பரவிற்று என்பது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ள செய்தி. விரலிடுக்கில் உள்ள உண்ணியைக் கவனியாமல் விட்டதன் விலையைக் குழந்தையின் சிறுநீரகம் கொடுக்க நேர்ந்தது.

ஊதா மருந்து மறைத்துவிடக்கூடிய வேறு இரண்டையும் சொல்லவேண்டும். முதலாவது, நீரிழிவு உள்ளவரின் பாதத்துப் புண். சிவந்து பரவுகிறதா, கறுக்கிறதா, ஆழம் எவ்வளவு என்று மருத்துவர் பார்த்தறிய வேண்டிய இடத்தில் அடர்ந்த சாயம் பூசப்பட்டிருந்தால், காணவேண்டியது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மருத்துவரிடம் செல்லுமுன் எந்த வண்ண மருந்தையும் பூசாதிருப்பதே அவருக்கு நாம் செய்யும் உதவி. இரண்டாவது, உணர்ச்சியற்ற தேமல். வெளிறியோ சிவந்தோ உள்ள திட்டில் தொட்டால் உணர்வு குறைந்திருப்பின், அது தொழுநோயின் தொடக்கமாயிருக்கலாம். அதனைப் படர்தாமரையென்று எண்ணி மாதக்கணக்கில் சாயம் பூசிக்கொண்டிருந்தால், நரம்பு கெட்டு விரல் மடங்கிவிடும். தொழுநோயைத் தீர்க்கும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. காலத்தில் உண்டால் ஊனமின்றிக் குணமாகும்.

சாயத்தைப் பற்றிப் பேசும்போது, அது பூசப்பட்டவரின் நாணத்தையும் நினைக்கவேண்டும். வெள்ளைக் களிம்பு பூசியவனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊதா மருந்து பூசியவனையோ வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. "சொறியன்" என்ற பட்டம் வெகு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. மருந்தின் கறை ஒரு வாரத்தில் போய்விடும், பட்டம் போவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவிய நாள்களில், வாயில் ஊதாக் கறை தெரிந்தால் ஊரார் இன்ன நோயென்று ஊகித்துவிடுவர் என்று அஞ்சி, மருந்தையே வேண்டாமென்று விலக்கினோர் உண்டு. நம் வீடுகளிலும் இதுவே நிகழ்கிறது. பிள்ளையைக் கேலி செய்கிறார்கள் என்று பெற்றோர் புண்ணை மறைக்கின்றனர். முழுக்கைச் சட்டை மாட்டி அனுப்புகின்றனர். மறைத்த புண் பெரிதாகிறது. ஆகவே ஆசிரியப் பெருமக்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புண்ணுள்ள மாணவனைக் கடைசிப் பலகையில் தனியே அமர்த்தாதீர்கள். பெற்றோரைத் தனியே அழைத்து, மருந்து கிடைக்குமிடத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேலி செய்தால், அன்றைய பாடத்தைச் சற்று நிறுத்தியேனும் அவர்களுக்கு இந்நோய் வரும் விதத்தை விளக்குங்கள்.

இத்திங்களில் ஒரு ஞாயிறு பிற்பகல், குடும்பத்தார் அனைவரும் வெளிச்சத்தில் அமர்ந்து, பிள்ளைகளின் விரலிடுக்கு, மணிக்கட்டு, கால், முதுகு ஆகியவற்றையும், முதியோரின் உள்ளங்காலையும் பாருங்கள். அரிப்பு உள்ளவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவருக்கு மட்டும் சிறு கொப்புளம் இருந்தால், மேலே சொன்ன முறைப்படி கழுவி மருந்திடுங்கள். இருவர் மூவருக்கு அரிப்பு இருந்தால், உணர்வற்ற தேமல் தென்பட்டால், முதியவரின் பாதத்தில் அவரே அறியாத புண் இருந்தால், எதையும் பூசாமல் திங்கட்கிழமை காலையிலேயே எல்லாருமாகப் புறப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.